ஏழுமலை இல்லாமல் ஓடும் மில்

1

போன வாரம் மொம்பாசாவில் ஒரு மில்லுக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். மனிதனுக்குக் கொண்டாடுகிற மாதிரியேதான். கேக்கின் மேல் சர்க்கரையில் ரோலிங் மில் வரைந்திருந்தார்கள். பார்த்தால் தையல் மிஷின் மாதிரி இருந்தது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, உருட்டி, கட்டடக் கம்பியாக இழுக்கிற மில் அது. கும்மிடிப்பூண்டியில் ஓடாமல் நின்றுபோனதை இங்கத்திய முதலாளி வாங்க, அதைப் போல்ட்டு போல்ட்டாகக் கழற்றி, கப்பலில் ஏற்றி, கென்யாக் கடலோரத்தில் மறுபடி நிறுத்தினோம். ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. நிறுத்தி ஓடவைத்தது யார் என்று இங்கே எந்தக் கம்பிக் கடையில் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். படிப்பு ஏழாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சை எழுதவில்லை.

முதலாளி குஜராத்திக்காரர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "ஒரு ப்ராஜெக்டை எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பது என்று நம்முடைய தமிழ் உஸ்தாத் சொல்வார்" என்று என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டார். பேச்சுக்கு எனக்கென்ன பஞ்சம்? பாதி சுவாஹிலி, கால் இங்கிலீஷ், மீதி தமிழ். சுவாஹிலியில் நான் மனிதர்களைச் சாமான் மாதிரியும் சாமான்களை மனிதர்கள் மாதிரியும் பேசுகிறேன் என்று என் மகன் சொல்லிச் சிரிப்பான். இத்தனை வருஷத்தில் அது திருந்தவில்லை. ஆனாலும் நான் சொல்வது யாருக்கும் புரியாமல் போனதில்லை.

கடைசியில் ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டது: "இந்த மில்லை மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னால் எதை மாற்றிச் செய்வீர்கள்?"

"ஒன்றையும் மாற்ற மாட்டேன்" என்றேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொல்லாததை, ஊரில் இருந்து படிக்கிற உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் அங்கே பேசியதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒன்றும் சாதாரண விஷயம் இல்லை. ஆப்பிரிக்காவில் நாலு தேசத்தில் வியர்வை விட்டுக் கற்றது.

ஒரு வேலையைக் கையில் எடுத்தால், எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்கக் கூடாது. என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்க வேண்டும். முதலாளி, "மில் ஓட வேண்டும்" என்றார். "ஓடுவது என்றால்? மோட்டார் சுற்றினால் போதுமா, கம்பி வர வேண்டுமா, வருகிற கம்பி நேராக இருக்க வேண்டுமா?" என்றேன். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஆலோசகர் ஒருவர் இருந்தார்; பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஒரு ஷிப்டு முழுக்க, நிற்காமல், முறுக்கு விழாத கம்பி என்று பேசி முடித்தோம்.

அந்த முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து வர வேண்டும். கம்பி வர மோட்டார் வேண்டும், மோட்டார் நிற்க அடித்தளம் வேண்டும், அடித்தளம் காய நாள் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு ஆளின் பெயரைப் போட வேண்டும். "நாங்க பாத்துக்கறோம்" என்று நாலு பேர் சொன்னால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். பிறகு, போட்ட கணக்கில் சும்மா இருக்கிற நாள்களும் கொஞ்சம் வேண்டும். நம் ஊர்ப்பக்கம் வேலை என்றால் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை லாரியை நம்பக் கூடாது. பெரியபாளையம் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்ளும். மார்கழியில் கிரேன் டிரைவர் மாலை போட்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். இதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை.

கழற்றுகிற வேலைக்கும், இங்கே வந்து மாட்டுகிற வேலைக்கும் நான் போட்ட பெயர் ஒன்றுதான். ஏழுமலை. என் தங்கையின் கணவன். ஆரணியில் வீடு, பட்டுச்சேலை ஆரணி இல்லை, பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி.

நாங்கள் சொந்தமானது அப்புறம். முதலில் கும்மிடிப்பூண்டியில் ஒரே மில்லில் எதிரும் புதிருமாக நின்று கம்பி பிடித்தவர்கள். ரோலின் இந்தப் பக்கம் நின்று பழுத்த கம்பியை நான் உள்ளே விடுவேன். அந்தப் பக்கம் பாம்பு மாதிரி வெளியே வருவதை அவன் இடுக்கியால் கவ்வித் திருப்பி அனுப்புவான். நடுவில் இரும்பு, ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. கம்பி வருகிற வேகத்தை வைத்தே, "இன்னா மச்சான், ஊட்ல சண்டையா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்துவான். நான் கம்பியை இழுத்து விட்டால் அவன் பாதம் போயிருக்கும். அவன் பிடி நழுவினால் என் தொடை போயிருக்கும். இரண்டும் போகவில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் என் தங்கையைக் கொடுத்தேன்.

ஆப்பிரிக்காவுக்கு ஆள் தேடி வந்தவர்கள் ஒருத்தன் போதும் என்றார்கள். நான் வந்தேன். "அடுத்தது நீதான் மாப்ள" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வேலை வரும்போதும் அதையே சொன்னேன். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. ஒரு தடவை அவன் அம்மாவுக்கு உடம்பு, ஒரு தடவை இங்கே தேர்தல் கலவரம், ஒரு தடவை கொரோனா என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நின்றது. இப்போது அவனுக்கு அறுபது நெருங்கிவிட்டது. இந்த மில்லுக்கு வராவிட்டால் இனி எதற்கும் வர முடியாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

3

கழற்றும்போது நானும் என் மகன் கார்த்தியும் கும்மிடிப்பூண்டியிலேயே இருந்தோம். கார்த்தி மொம்பாசாவில் பிறந்தவன், நைரோபியில் ப்ராஜெக்ட் நிர்வாகம் படித்தவன். நான் என் அப்பாவை நைனா என்று கூப்பிட்டேன். அவன் என்னை டாடி என்று கூப்பிடுகிறான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது.

நாங்கள் கழற்றிய அந்த மில் எங்கள் பழைய மில் இல்லை; நான் ஆப்பிரிக்காவுக்கு வந்த பிறகு ஏழுமலை வேலைக்குச் சேர்ந்த இடம். கடைசி நாள் வரைக்கும் அங்கேயே இருந்தான். முன்னால் ரோடு, பின்னால் ஏரி, நடுவில் ஷெட். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றியதும் அதன் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் போடுவான். ஒரு காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தபோது கார்த்தி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, இது என்ன எழுத்து?"

"இன்னா எழுத்தா? உங்க நைனா ஊட்ல ஒன்னும் சொல்லித் தரலியா? இது 'ரோ'. ரோட்டுப் பக்கம். அது 'ஏ'. ஏரிப் பக்கம்."

"நம்பர் டேக் போடலாமே. போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, யாரு வேணும்னாலும் மாட்டலாம்."

"யாரு வேணும்னாலும் இன்னாத்துக்குப்பா மாட்டணும்? நாந்தான வரப் போறேன்!"

கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உன் படிப்பை நைரோபியிலேயே வச்சுக்கடா. உங்க மாமன் கண்ணை மூடிக்கினு மாட்டுவான்" என்றேன்.

கிரேன் டிரைவர் விடவில்லை. "ஏழுமல அண்ணே, அங்க ரோட்லயே சிங்கம் சுத்திக்கினு கீதாமே."

"என்னைப் பாத்தா சிங்கத்துக்குத்தான்டா பேஜாரு. எலும்பு மட்டும்தான் கீது." பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலை இறக்கி, "மச்சான், அங்க சோறு கெடைக்குமா?" என்று கேட்டான்.

"தேங்காப்பால் ஊத்திச் சோறு வடிப்பான்."

"அப்ப ஒரு பாட்டல் ஊறுகா போதும் எனக்கு."

அவன் அப்படிக் கேட்டதெல்லாம் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு பதிலையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டான். என் தங்கை சொன்னாள், தையல்காரனிடம் இரண்டு பேன்ட் தைக்கக் கொடுத்திருக்கிறானாம். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பேன்ட் தைத்தது அதுதான் முதல் தடவையாம்.

அன்று சாயங்காலம் கார்த்தி என்னிடம் கேட்டான். "டாடி, மாமாவோட வேலைப் பர்மிட்டுக்கு எப்ப அப்ளை பண்றது?"

"மொதல்ல இரும்பு கெளம்பட்டும். கப்பல் போய்ச் சேரப் பல வாரம் ஆகும். மனுசன் பிளேன்ல ஏறினா ஒரே நாள்" என்றேன்.

அந்த வரிசை அப்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. நிதானமாகப் போவதை முதலில் அனுப்பு, வேகமாகப் போவதைக் கடைசியில் அனுப்பு. எத்தனையோ வேலையில் அப்படித்தான் ஜெயித்திருக்கிறேன். கடைசிக் கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போனது. ஷெட்டின் தகரத்தையும் இறக்கியாகிவிட்டது. நானும் கார்த்தியும் அடித்தளம் போட மொம்பாசாவுக்குத் திரும்பினோம்.

4

இங்கே பர்மிட் வேலையை எடுத்துச் செய்கிறவள் லூசி என்ற பெண்மணி. கெட்டிக்காரி, என்னிடம் அன்பாக இருப்பாள். ஏழுமலையின் பாஸ்போர்ட் நகலைப் பார்த்துவிட்டு, "இவருடைய சான்றிதழ் எங்கே?" என்றாள்.

நான் என் போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். மூன்று ஆள் உயரத்துக்கு, உருளைகளைத் தாங்கி நிற்கிற மில் ஸ்டாண்டை, கையாலேயே கிரேனுக்கு ஜாடை காட்டி, பக்கத்துச் சுவரில் உரசாமல் ஏழுமலை வெளியே கொண்டுவருகிற வீடியோ. லூசி கடைசி வரைக்கும் பார்த்தாள். "ரொம்ப அழகாக வேலை செய்கிறார். பேப்பர் எங்கே?" என்றாள்.

படித்த சான்றிதழ் இல்லையென்றால் பரவாயில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி, தன் பெயர் அச்சடித்த தாளில், கையெழுத்தும் முத்திரையும் வைத்து, இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தார் என்று தர வேண்டுமாம். அது இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்களாம்.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். "மாப்ள, மில்லு ஆபீஸுக்குப் போயி ஒரு லெட்டர் வாங்கிடு. சின்ன வேலைதான்."

அவன் உடனே திருப்பிக் கேட்டான்.

"எந்த ஆபீஸு மச்சான்? அந்த ஆபீஸ் கதவை நாந்தான கழட்டி லாரில ஏத்தினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மில்லை விற்றவர்கள் கம்பெனியையே மூடிவிட்டு வடக்கே போய்விட்டார்கள். பழைய மேனேஜர் திருவள்ளூரில் கோயில் தெருவில் இருக்கிறார் என்று ஏழுமலை தேடிப் போனான். நல்ல மனிதர். காப்பி கொடுத்து, வெள்ளைத் தாளில் இரண்டு பக்கம் அவனைப் புகழ்ந்து எழுதித் தந்தார். "ஆனா இல்லாத கம்பெனி பேர்ல நான் கையெழுத்துப் போட முடியாதே ஏழுமலை" என்றாராம். அவர் சொன்னதும் நியாயம்தான். லூசி எப்படியோ கெஞ்சி அந்தத் தாளை விண்ணப்பத்தோடு சேர்த்தாள். இல்லை என்று பதில் வந்தது. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் சட்டம்.

மில்லுக்கு விலை பேசுகிற அன்றைக்கே, மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டிருந்தால் அது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. எல்லா நட்டுக்கும் வரிசை போட்டவன் நான். எந்த போல்ட்டைக் கடைசியில் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவன். ஒரு ஆளுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே இடத்தை முதலில் பிரித்துப்போட்டுவிட்டு, அப்புறம் சாட்சி தேடினேன். நான் இங்கே வந்த காலத்தில் என்னை யாரும் ஒரு பேப்பரும் கேட்கவில்லை. அதனால் பேப்பர் என்பது ஒரு வேலையாகவே என் கண்ணில் படவில்லை.

5

மில்லை மாட்டி நிற்கவைப்பதற்குக் குறித்த நாள் வந்துவிட்டது. முதலாளி கேட்டார், "உங்கள் ஆள் வரவில்லையா?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் இருக்கிறேனே" என்றேன்.

ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது கார்த்திக்கு எழுத்துகளைக் காட்டிச் சொன்னேன். "இது ரோட்டுப் பக்கம், அது ஏரிப் பக்கம். ஸ்டாண்டுகளை ஏத்தி நிக்க வச்சிடு." அவன் தலையாட்டினான்.

கன்டெய்னரோடு திரும்பி வந்து பார்த்தால், ஸ்டாண்டுகள் வரிசையாக, அழகாக, சிப்பாய் மாதிரி நிற்கின்றன. ஆனால் மோட்டாரிலிருந்து வருகிற தண்டு எதிலும் போய் மாட்டவில்லை. எல்லாமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தொழிலாளிகள் அத்தனை பேர் முன்னாலும் கார்த்தியைப் பார்த்துக் கத்தினேன். கண் இருக்கிறதா, படித்தது எதற்கு என்றெல்லாம் கேட்டேன்.

அவன் கத்தவில்லை. "ரோட்டுப் பக்கம்னு நீங்கதான் சொன்னீங்க டாடி. ரோடு அதோ இருக்கு" என்று கையை நீட்டினான்.

ரோடு அங்கேதான் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் ரோடும் மோட்டாரும் ஒரே பக்கம். இங்கே ரோடு ஒரு பக்கம், மோட்டார் எதிர்ப் பக்கம். கார்த்தி சொன்னபடி செய்திருக்கிறான். ஏழுமலைக்கு வீடியோவில் போன் போட்டு, கார்த்தி கையில் கொடுத்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஷெட் முழுக்க நடந்தான்.

"ரோடு எங்கப்பா கீது?" என்றான் ஏழுமலை.

"இந்தப் பக்கம் மாமா."

"அட, அது உங்க ரோடு! நான் எழுதுனது நம்ம ரோடு. மோட்டாரு கீற பக்கம்."

நான் போனைப் பிடுங்கினேன். "அப்ப மோட்டார் பக்கம்னே எழுதித் தொலைக்கறதுதான மாப்ள? மொத்தத்தையும் எறக்கி ஏத்தணும் இப்ப."

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். "எனக்குத்தான எழுதினேன் மச்சான். நாந்தான வந்து மாட்டப் போறேன்னு நெனச்சேன். எனக்குப் புரிஞ்சாப் போதும்னு எழுதினேன்."

கார்த்தி என் பக்கம் பார்க்காமல் கிரேன் பக்கம் நடந்தான்.

அன்றிலிருந்து ஏழுமலை தினமும் காலையில் ஆரணியில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். கார்த்தி காட்டுவான், அவன் சொல்லுவான். "அதைத் திருப்புப்பா... இன்னும் கொஞ்சம்... ஆங், சோக்கா குந்துச்சு பாரு." கார்த்தி கூடவே ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் அட்டை கட்டிக்கொண்டே போனான். நான் தடுக்கவில்லை. முதல் கம்பி வந்தபோது கார்த்தி போனை உயரத் தூக்கிப் பிடித்தான். கம்பி நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. திரையில் ஏழுமலையின் வாய் அசைந்தது. மில் சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. முதலாளி எனக்கு மாலை போட்டார். பேர் வாங்க வேண்டியவன் நான்தான் என்று அப்போது நினைத்தேன், கழுத்தை நீட்டினேன்.

கார்த்தி அந்த வேலையோடு நைரோபியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். "அங்க எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க டாடி. யாரும் கத்த மாட்டாங்க" என்றான். என்னோடு பேசுவதைவிட அவன் மாமாவோடுதான் அதிகம் பேசுகிறான் என்று கேள்வி. பேசட்டும்.

6

கேக் வெட்டிய மறுநாள் காலை ஏழுமலைக்குப் போன் போட்டேன். இப்போது அவன் மணவாள நகரில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருகிறான்.

"இன்னா மச்சான், மிசினுக்கெல்லாம் கேக்கு வெட்றியாமே! கார்த்தி போட்டோ அனுப்பிச்சான்."

"ஆமா மாப்ள. கேளு, உகாண்டாவுல ஒரு மில்லு வருது. பெரிய வேல. இந்தத் தபா மொதல் வேலையே உன் பேப்பர்தான். இரும்பையே நான் தொடமாட்டேன். நீ இப்ப கீற கம்பெனில லெட்டர் வாங்கிக்கலாம், கார்த்திகிட்டயும் பேசறேன்..."

"இரு இரு. உனக்கு ஒன்னு சொல்லவா? போன தபாவே நான் மெட்ராஸ் போயி ஊசி போட்டுக்கினு வந்துட்டேன். மஞ்சக் காய்ச்சல் ஊசி. அந்தப் பக்கம் போறவங்க போட்டுக்கணும்னு டிராவல்ஸ்காரன் சொன்னான்."

"எப்ப?"

"கன்டெய்னர் கெளம்புன வாரமே. கை வீங்கிக் காய்ச்சல் வந்துச்சு. உன் தங்கச்சி கேட்டதுக்கு கம்பி கிழிச்சிடுச்சின்னு சொல்லிட்டேன். போகாம போயிட்டா அசிங்கமாப் பூடும் பாரு, அதான் யாருக்கும் சொல்லல. ஒரு தபா போட்டா ஆயுசுக்கும் போதும்னாரு டாக்டரு." சிரித்தான். "இனிமே அந்தக் காய்ச்சல் என்னை ஒன்னும் பண்ணாது."

"நல்லதாப் போச்சு மாப்ள. உகாண்டாவுக்கும் அதே ஊசிதான்."

"வேணாம் மச்சான். இனிமே கூப்டாத. நீ கூப்ட்டா நான் மறுபடியும் நம்பிக்கினு குந்தினு இருப்பேன். அது எனக்கு ஒத்துக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு ஒத்துக்கொள்ளவில்லை, கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்பது போலத்தான் சொன்னான். நாலு தேசத்தில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கியவன் நான். 'அதெல்லாம் கிடையாது, நீ வந்தே ஆகணும்' என்று அவனையும் ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. வேலைக்குப் போகிற நேரம். ஆனாலும் அவன் போனை வைக்கவில்லை.

நான் "சரி மாப்ள" என்று சொல்லிவிட்டேன்.